அயலவர் சாட்சியும் கையிலுள்ள உறுதியும்

(ஆசிய, பசிபிக் பிரதேசச் சட்டக் கழகத்தின் வரலாறு பற்றிச் சட்டத்தரணிகளும் கமக்காரரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

   

'லோஏசியா' என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் ஆசிய, பசிபிக் பிரதேசச் சட்டக் கழகத்தின் வரலாற்றைச் சொல்லுமாறு எம்மைப் பணித்திருக்கின்றீர்கள். நியாயவாதிகளின் சங்கமொன்று எங்கோ அவுஸ்திரேலியாவிலே தோன்றியதாம். அதற்கும் எமது வரம்புக்கும் வாய்க்காலுக்கும் என்ன தொடர்பு என்று கமக்காரர் கேட்பது நியாயமே. அந்த வினாவுக்கு விடை சொல்லிவிட்டே வரலாற்றுக்குள் நுழைய விரும்புகின்றோம்.

எல்லை வழக்கு எப்படி நடக்கின்றதென்பதை நீங்கள் நன்கறிவீர்கள். வேலியை ஒருவன் இரவோடிரவாக நகர்த்திவிட்டான். நீதிமன்றத்திலே அயலவர் வந்து, "வேலி அங்கேதான் நின்றது, எங்கள் கண்ணாற் கண்டோம்" என்று சாட்சி சொல்கின்றார். அந்தச் சாட்சி பொன்னினும் மேலானது. ஆனால், காணிக்காரன் கையிலே உறுதி இல்லையேல், வழக்கைத் தவணை தவறாமல் நடத்த அவனுக்கு மனம் இல்லையேல், அயலவர் சாட்சி மட்டும் அவனுக்குக் காணியை மீட்டுத் தரமாட்டாது. லோஏசியாவின் வரலாறு இந்த இரண்டு உண்மைகளையும் எமக்குக் காட்டுகின்றது. அயலவர் வந்து சாட்சி சொன்ன கதை அது. சாட்சி எங்கே நின்றுவிட்டது என்பதையும் அது சொல்லும்.

சங்கம் ஏன் வேண்டும்?

நியாயவாதி தனித்து நிற்கும்போது அரசின் கோபத்துக்கு எளிதில் இரையாவான். கூடி நிற்கும்போதுதான் அவன் குரலுக்கு வலு உண்டாகின்றது. எமது நாட்டிலே நீண்ட காலமாக அப்புக்காத்துமார் ஒரு பிரிவாகவும் பிறக்கிராசிமார் வேறொரு பிரிவாகவும் இருந்தனர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரு பிரிவினரையும் 'சட்டத்தரணி' என்னும் ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது. 1974 இல் இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் உருவாயிற்று.

கூடி நிற்றலின் பொருள் என்ன என்பதை 1976 ஆம் ஆண்டிலே தமிழ்ச் சட்டத்தரணிகள் நாடறியக் காட்டினர். துண்டுப் பிரசுரம் வழங்கியமைக்காகத் தமிழ்த் தலைவர்கள் மீது அரச விரோதக் குற்றஞ் சாட்டி, யூரிமார் இல்லாத விசேட நீதிமன்றத்தில் அரசு வழக்குத் தொடர்ந்தது. அவர்களுக்காக ஏறத்தாழ எழுபது சட்டத்தரணிகள் எழுந்து நின்றனர். அரசியலிற் பல்லாண்டு எதிரெதிராக நின்ற எஸ். ஜே. வி. செல்வநாயகமும் ஜி. ஜி. பொன்னம்பலமும் அன்று ஒரே பக்கத்தில் நின்றார்கள். மறு ஆண்டே இருவரும் மறைந்துவிட்டனர். அவர்கள் அன்று காட்டிய ஒற்றுமை மறையவில்லை.

ஒரு நாட்டுக்குள்ளே இப்படிக் கூடுவது ஒரு படி. நாட்டின் எல்லைக்கு அப்பாலும் கூடவேண்டும் என்ற எண்ணம் அடுத்த படி. ஒரு நாட்டின் அரசு தன் நீதிபதிகளையும் நியாயவாதிகளையும் நெருக்கும்போது, அந்நாட்டுக்குள்ளே பேசுவோர் வாய் அடைக்கப்படலாம். வெளியிலுள்ள சகோதரர் வாயை அவ்வரசு அடைக்க இயலாது. இந்த எண்ணத்திலிருந்து எழுந்ததே எமது பிரதேசத்துக் கழகம்.

கன்பராவிற் பிறந்த கழகம்

1966 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே அவுஸ்திரேலியத் தலைநகராகிய கன்பராவில் லோஏசியா நிறுவப்பட்டது. அவுஸ்திரேலியச் சட்டத்தரணிகளின் தேசிய சபையே அதற்கு முன்கை எடுத்தது. ஆசியாவுக்கும் தூரகிழக்குக்குமென ஐக்கிய நாடுகள் சபை அமைத்திருந்த பொருளாதார ஆணைக்குழுவின் பிரதேசமே கழகத்தின் எல்லையாக வகுக்கப்பட்டது. இலங்கையும் அவ்வெல்லைக்குள் அடங்கும். நாடுகளின் சட்டத்தரணிகள் சங்கங்களும் தனிப்பட்ட சட்டத்தரணிகளும் அதிலே சேரலாம்.

காலத்தையும் எண்ணிப் பாருங்கள். ஆசிய நாடுகள் பல விடுதலை பெற்று இருபது ஆண்டுகூட ஆகவில்லை. வெள்ளையர் ஆட்சி போய்விட்டது. அவர்கள் விட்டுச்சென்ற நீதிமன்றங்கள் நின்றன. அந்நீதிமன்றங்கள் புதிய ஆட்சியாளருக்கு அஞ்சாது நிற்குமா என்பதே அன்றைய கேள்வி.

கழகத்தின் முதற்றலைவர் ஜோன் கேர் என்னும் அவுஸ்திரேலிய நியாயவாதி. பிற்காலத்தில் அவர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பிரதம நீதியரசராகி, 1974 இல் தேசாதிபதியும் ஆனார். 1975 நவம்பர் 11 ஆம் நாள், மக்களாற் றெரிவுசெய்யப்பட்ட பிரதமர் கஃப் விட்லமைப் பதவியிலிருந்து நீக்கியவரும் அவரே. அச்செயல் சரியா பிழையா என்று அவுஸ்திரேலியர் பல்லாண்டு வாதாடினர்.

இன்னொன்றையும் மறைக்காது சொல்லவேண்டும். தொடக்க நாட்களிலே ஆசிய மன்றம் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பண உதவி கழகத்துக்குக் கிடைத்தது. அம்மன்றம் அமெரிக்காவின் மத்திய புலனாய்வு நிறுவனத்திடம் மறைவாகப் பணம் பெற்றுவந்தமை 1967 இல் வெளியாயிற்று. கழகம் அதனால் கெட்டுப்போயிற்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சங்கம் நடத்துவோர் யாவரும் இதிலே கற்கவேண்டிய பாடம் உண்டு. சங்கத்தின் பெயர் எவ்வளவு பெரிதாயினும், பணம் எங்கிருந்து வருகின்றதென்று உறுப்பினர் கேட்டறிதல் வேண்டும். உறுப்பினர் சந்தாவில் வாழும் சங்கமே எவருக்கும் தலைவணங்காது பேசவல்லது.

கொழும்பு மகாநாடு

இனி எம்மை நேரே தொடும் பகுதிக்கு வருகின்றோம். 1979 ஆம் ஆண்டு லோஏசியா மகாநாடு கொழும்பிலே நடைபெற்றது. அந்த ஆண்டு எப்படிப்பட்டதென்பதை முதியோர் மறந்திருக்கமாட்டீர்கள். யூலை மாதத்திலே யாழ்ப்பாண மாவட்டத்தில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அதே மாதத்திலே பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆண்டு முடிவதற்குள், அதாவது டிசம்பர் 31 ஆம் நாளுக்குள், வேலையை முடித்துவிடுமாறு கட்டளையிட்டுப் படைத்தளபதி ஒருவரை ஜனாதிபதி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்.

அச்சட்டம் செய்ததென்ன? அமைச்சரின் கட்டளையொன்றினாலே ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை வழக்கின்றித் தடுத்துவைக்க அது இடங்கொடுத்தது. பொலிசாரிடம் அளித்த குற்றவொப்புதல் செல்லாது என்பது எமது சாட்சியச் சட்டத்தின் நெடுங்கால விதி. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ பெற்ற ஒப்புதல் செல்லும் என்று அச்சட்டம் விதியை மாற்றியது. அடித்து வாங்கினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரத்தையும் அடிபட்டவன் தலையிலேயே சுமத்தியது. மூன்று ஆண்டுக்கென்று வந்த சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

இத்தகைய ஆண்டிலே, இந்நாட்டின் தலைநகரிலே கூடிய ஆசியச் சட்டத்தரணிகள், கழகத்துக்கென மனித உரிமைகள் நிலையியற் குழுவொன்றை அமைத்தனர். ஆசியப் பிரதேசத்துக்கென மனித உரிமை அமைப்பொன்றை உருவாக்க முயலவேண்டும் என்றும் அங்கே எண்ணம் எழுந்தது. ஐரோப்பியர் 1950 இலும், அமெரிக்கக் கண்டத்தார் 1969 இலும் மனித உரிமைச் சமவாயங்களை இயற்றினர். அவற்றின் வழியாக அவர்களுக்கு நீதிமன்றங்களும் வாய்த்தன. ஆபிரிக்கர் 1981 இலே பட்டயம் ஒன்றை ஏற்றனர். அவர்களுக்கும் பின்னர் நீதிமன்றம் கிடைத்தது. ஆசியா முழுவதற்குமென அப்படியொரு நீதிமன்றம் அமையவில்லை. உலகத்து மக்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் வாழும் கண்டத்திலே, தன் அரசினால் அநீதியுற்றவன் சென்று தட்டுதற்குப் பிரதேசக் கதவு ஒன்று இல்லை. அந்த வெற்றிடத்தில் நின்றுதான் சட்டத்தரணிகளின் கழகம் பேசவேண்டியிருந்தது.

1983 உம் அதன் பின்னும்

1983 யூனிலே, பொலிசாருக்கு எதிராகத் தீர்ப்பளித்த உயர் நீதிமன்ற நீதியரசர்களின் வீடுகளின் முன்னே காடையர் கூடிக் கூச்சலிட்டனர். அதே மாதத்திலே, மரண விசாரணையின்றிப் பிணங்களைப் புதைக்க அனுமதிக்கும் 15அ என்னும் அவசரகால ஒழுங்குவிதி பிறந்தது. யூலை 25 ஆம், 27 ஆம் நாட்களிலே வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அரசின் காவலில், அரசின் சுவர்களுக்குள், அரசின் பூட்டுச் சாவிக்கு உட்பட்டு இருந்தவர்கள் அவர்கள். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

அந்நேரத்தில்தான் கொழும்பிலே 1979 இல் அமைத்த குழுவின் பயன் தெரிந்தது. குழுவின் செயலாளராகிய பற்றீசியா ஹின்ட்மன் என்னும் அவுஸ்திரேலியச் சட்ட அறிஞர் இலங்கை நிலைமையை ஆராய்ந்தார். 1983 யூலை வன்செயல் பற்றி ஓர் அறிக்கையும், 1985 இலே 'ஆபத்திற் சனநாயகம்' என்னும் பொருள்படும் தலைப்பில் இன்னோர் அறிக்கையும் அவரால் எழுதப்பட்டன. தமிழ்க் கட்சியின் துண்டுப் பிரசுரம் என்று அவற்றை எவரும் தள்ளிவிட இயலாது. எம்மோடு உறவோ இனமோ இல்லாத சட்ட அறிஞர் ஒருவர், சட்டத்தின் அளவுகோலை வைத்து அளந்து எழுதியவை அவை. அயலவர் சாட்சி என்று நாம் சொன்னது இதைத்தான்.

அச்சாட்சியினாற் படுகொலை நின்றதா? நிற்கவில்லை. சிறை திறந்ததா? திறக்கவில்லை. ஆகவே அது வீண் என்று சொல்வார் உளர். அவர்களோடு நாம் உடன்படோம். காலத்தோடு எழுதி வைக்கப்படாத அநீதியை, அநீதி செய்தவனே நாளடைவில் வரலாறு எழுதி மறைத்துவிடுவான். அறிக்கை காயத்துக்கு மருந்தாகாது. காயம் உண்டென்பதற்கு அத்தாட்சி ஆகும்.

வெளியிலுள்ள கதவு எவ்வளவு திறக்கும் என்பதற்கு வேறோர் உதாரணமும் உண்டு. கிழக்கு மாகாணத்திலே 1993 இற் கைதான தமிழர் ஒருவர், தாம் அறியாத சிங்கள மொழியில் எழுதிய ஒப்புதலைக் கொண்டே தண்டிக்கப்பட்டார். முதலில் ஐம்பது ஆண்டு; மேன்முறையீட்டில் முப்பத்தைந்து ஆண்டு. அவர் முறையீட்டைக் கேட்ட ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, நீதியான விசாரணை அவருக்குக் கிட்டவில்லை என்று 2004 இலே முடிவு செய்தது. அம்முடிவைக் கொண்டு உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, அக்குழுவின் அதிகாரத்தை இலங்கை ஏற்ற முறையே அரசியலமைப்புக்கு முரணானது என்று 2006 இல் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வெளியார் கதவு திறந்தாலும், உள்நாட்டு நீதிமன்றம் நேர்மையும் துணிவும் உடையதாக இல்லாவிடில், அக்கதவால் வந்த ஒளி வீட்டுக்குள் விழாது.

நீதிபதியைக் காக்கும் நியமங்கள்

அதனாலேதான் லோஏசியா செய்த பணிகளுள் நிலைத்து நிற்பது நீதித்துறையின் சுதந்திரம் பற்றிய பணி என்று நாம் கருதுகின்றோம். 1982 இலே தோக்கியோவில் மனித உரிமைக் குழு அதற்கான கோட்பாடுகளை வகுத்தது. 1985 இல் பினாங்கிலே இப்பிரதேசத்துப் பிரதம நீதியரசர்களின் முதலாவது மகாநாடு கூடியது. 1995 ஆகஸ்டிலே பெய்ஜிங்கில் நடந்த மகாநாட்டில் அக்கோட்பாடுகள் விரிந்து 'பெய்ஜிங் கூற்று' என்னும் வடிவம் பெற்றன. 1997 இல் மணிலாவிலே அது திருத்தப்பட்டது. ஒப்பமிட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

அக்கூற்றின் சாரம் எளியது. நீதிபதி எவருடைய தலையீடுமின்றித் தீர்ப்பளிக்க வேண்டும். நிரூபிக்கப்பட்ட இயலாமை, குற்றத் தீர்ப்பு, பதவிக்கு ஒவ்வாத நடத்தை ஆகிய காரணங்களுக்காகவன்றி அவரை நீக்குதல் கூடாது. நீக்க முயலும்போது அவருக்கு நியாயமான விசாரணை உண்டு. நீதிபதிக்கும் குடும்பத்தாருக்கும் பாதுகாப்பளிப்பது ஆட்சியாளர் கடமை.

ஒப்பமிடுவது எளிது. ஒப்பத்தைக் காப்பது அரிது. 2012 இலே 'திவிநெகும' என்னும் சட்டமூலம் வந்தது. மாகாணங்களுக்குரிய அதிகாரங்களை அது தொடுவதால் மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிற்று. வட மாகாணத்துக்கு அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை. மக்கள் சபை தரவேண்டிய சம்மதத்தை ஆளுநர் தந்துவிட முடியாதென்பதும் தீர்ப்பாயிற்று. அதன்பின் நடந்ததைப் பாருங்கள். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகப் பாராளுமன்றத்தில் குற்றப் பிரேரணை எழுந்தது. பாராளுமன்றத் தெரிவுக் குழுவுக்கு அத்தகைய விசாரணை அதிகாரம் இல்லையென்று 2013 சனவரி முதலாம் நாள் உயர் நீதிமன்றமும், குழுவின் முடிவு செல்லாதென்று 7 ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கூறின. 11 ஆம் நாள் பாராளுமன்றம் வாக்களித்தது. 13 ஆம் நாள் அவர் நீக்கப்பட்டார். 2015 சனவரியிலே ஆட்சி மாறிய பின்னரே அவர் மீண்டும் ஆசனம் ஏறி, மறுநாள் ஓய்வு பெற்றார்.

வடக்கு மக்களின் வாக்குரிமையை மதித்த தீர்ப்பு ஒன்று தலைமை நீதிபதியின் ஆசனத்தையே அசைத்துவிட்டது. நீதிபதியின் சுதந்திரம் நியாயவாதிகளின் தொழிற் பிரச்சினை என்று நினைக்கும் கமக்காரர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

2023 செப்டெம்பரிலே முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி, தம் உயிருக்கு அச்சுறுத்தல் உண்டென்று கூறிப் பதவி துறந்து நாட்டை விட்டுச் சென்றார். குருந்தூர்மலை வழக்கிலே கட்டளை பிறப்பித்தவர் அவர். வடக்கிலும் கிழக்கிலும் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்து வீதியில் இறங்கினர். நீதிபதிக்குப் பாதுகாப்பு என்று பெய்ஜிங்கிலே எழுதிய வாசகத்துக்கு முல்லைத்தீவிலே உயிர் கொடுக்க முயன்றவர்கள் எமது சட்டத்தரணிகள்தாம்.

கழகத்தின் குறைகள்

கழகத்தைப் புகழ்ந்துகொண்டே போவது எமது நோக்கமன்று. அதன் குறைகளும் வெளிப்படையானவை. அதன் மொழி ஆங்கிலம். மகாநாட்டுக்குச் செல்லப் பணமும் ஓய்வும் வேண்டும். மல்லாகத்திலோ மூதூரிலோ தொழில் செய்யும் இளஞ் சட்டத்தரணிக்கு இரண்டும் அரிது. வணிகச் சட்டமும் முதலீட்டுச் சட்டமும் பேசப்படும் மண்டபத்திலே, காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் தாயின் ஆட்கொணர்வு மனு ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டுவிடும். 1991 இலே கொழும்பிற் பிறந்த தென்னாசியச் சட்டத்தரணிகள் கழகமாகிய 'சார்க்லோ'வுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஆயினும் சகோதர உணர்வு வீண் பேச்சன்று. 1988 இலே விஜேதாச லியனாராச்சி என்னும் சிங்களச் சட்டத்தரணி தடுப்புக்காவலிற் சித்திரவதையுண்டு இறந்தார். 2000 சனவரி 5 ஆம் நாள் குமார் பொன்னம்பலம் கொழும்பிலே சுட்டுக் கொல்லப்பட்டார். இருவர் அரசியலும் வேறு, மொழியும் வேறு. அரசுக்கு வேண்டாதவர்களுக்காக வாதாடினார்கள் என்பதிலே இருவரும் ஒன்று. நியாயவாதியைக் கொல்லும் கை இனம் பார்ப்பதில்லை. நியாயவாதியைக் காக்கும் சங்கமும் இனம் பார்க்கலாகாது.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, எழுதி வைத்தல். திகதி, இடம், வழக்கிலக்கம், சத்தியக் கடதாசி ஆகியன இல்லாத முறைப்பாடு ஒப்பாரியாக முடியும். அயலவர் சாட்சி சொல்ல வரும்போது அவர் கையிலே கொடுக்க எம்மிடம் கோவை இருத்தல் வேண்டும். ஒவ்வொரு நீதிமன்ற ஊரிலும் உள்ள சட்டத்தரணிகள் சங்கம் ஆண்டுதோறும் தன் மாவட்டத்து நிலைமையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வெளியிடட்டும்.

இரண்டாவது, கமக்காரர் செய்யவேண்டியது. 2013 ஏப்பிரிலிலே வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தபோது, ஈராயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர் நீதிமன்றம் சென்றனர். 2025 மார்ச்சு 28 ஆம் நாள், காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கிலே 5,940 ஏக்கரளவான காணிக்கு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அரச காணியாகும் என்பது அதன் பொருள். போரிலே உறுதியை இழந்தவன், கடல் கடந்து வாழ்பவன், தந்தையின் பெயரில் இருந்ததை மாற்றி எழுதாதவன் ஆகியோர் மூன்று மாதத்தில் என்ன செய்வர்? உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு அறிவித்தலை மீளப் பெற்றது. அந்த வெற்றி வெளிநாட்டிலிருந்து வரவில்லை. இந்நாட்டு நீதிமன்றத்திலே, காலந் தவறாது தாக்கல் செய்த மனுவினால் வந்தது. ஆகவே உறுதியை, அனுமதிப் பத்திரத்தை, வரி கட்டிய பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள்; இல்லையேல் நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்திலும் பிரதி பெறுங்கள். பங்குக் காணிக்காகச் சகோதரருக்குள் வழக்காடிப் பத்திரத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது, பெய்ஜிங் கூற்றைத் தமிழிலே எளிய பிரசுரமாக அச்சிட்டு எமது நீதிமன்ற நூலகங்களிலும் ஊர் வாசிகசாலைகளிலும் வைத்தல் வேண்டும். நீதிபதிக்கு என்ன உரிமை உண்டென்பதை மக்கள் அறிந்தாலன்றி, அது பறிபோகும்போது மக்கள் எழமாட்டார்கள்.

பெரியோர்களே! கன்பராவிலே தொடங்கிய கழகம் எமக்கு நாடு தரமாட்டாது. எமது வழக்கை எமக்காக நடத்தவும் மாட்டாது. எமது வேலி எங்கே நின்றதென்று உலகின் முன் சாட்சி சொல்ல அதனால் இயலும். ஒருமுறை சொல்லியும் இருக்கின்றது. அச்சாட்சியை மதிப்போம். நன்றியோடு நினைப்போம். ஆனால் உறுதியை எமது கையிலே வைத்திருப்போம். தவணை நாளிலே எமது காலால் நடந்து சென்று நீதிமன்றப் படியேறுவோம். அயலவர் துணைக்கு வருவது, வீட்டுக்காரன் விழித்திருக்கும் வீட்டுக்கே.